இலவச இணைய விளையாட்டுகளில் உத்தி, கள்ளாட்டம், மோசடி: ஒரு வரலாற்றுப் பார்வை

இலவச இணைய விளையாட்டு என்பது தொடங்குவதற்குக் கட்டணம் கேட்காத, ஆனால் உள்ளே நாணயம், வைரம், ஆற்றல், உடை போன்ற மெய்நிகர்ப் பொருள்களைக் காசுக்கு விற்கும் விளையாட்டாகும். இவற்றுள் நண்பர்களோடு சேர்ந்து ஆடும்படி அமைந்தவை சமூக விளையாட்டுகள் எனப்படுகின்றன. முறையான உத்தி, விதி மீறிய கள்ளாட்டம், பணத்தைப் பறிக்கும் மோசடி ஆகிய மூன்றும் இந்த விளையாட்டுகளில் பின்னிப் பிணைந்தே வளர்ந்துள்ளன. ஓர் ஆட்டம் திறனால் வெல்லப்படுகிறதா, அதிர்ஷ்டத்தால் வெல்லப்படுகிறதா என்பதே தமிழ்நாட்டில் 90 ஆண்டுகளுக்கும் மேலாகச் சட்டம் கேட்டுவந்த கேள்வி. இலவச விளையாட்டுகளில் மக்கள் பணம் இழந்ததோ பெரும்பாலும் அந்தக் கேள்வி எட்டாத இடத்தில். இந்தக் கட்டுரை அந்த இடைவெளி உருவான வரலாற்றைக் கூறுகிறது.

மூன்று சொற்களின் வேறுபாடு

அன்றாடப் பேச்சில் உத்தி, கள்ளாட்டம், மோசடி மூன்றும் "ஏமாத்து வேலை" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இவற்றைப் பிரித்தறியச் சந்தை நல்ல எடுத்துக்காட்டு. நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையை அடையலாம். அங்குள்ள சோளக்காடு, சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். மலையில் விளையும் வாழையும் பலாவும் மிளகும் அங்கே விலைபோகின்றன. விலை ஏறும்வரை சரக்கை விற்காமல் வைத்திருப்பதும் பேரம் பேசுவதும் உத்தி. எடைக்கல்லில் குறை வைப்பது கள்ளாட்டம். கள்ள நோட்டைக் கொடுத்துச் சரக்கை வாங்கிச் செல்வது மோசடி. முதலாவது சந்தையின் விதிக்குள் நடக்கிறது. இரண்டாவது விதியை மீறுகிறது. மூன்றாவதற்குச் சந்தை வெறும் திரை; அங்கே உண்மையில் வணிகமே நடப்பதில்லை.

இணைய விளையாட்டிலும் இதே பிரிவு பொருந்தும். ஆட்டத்தின் விதிகளை நன்கு அறிந்து அவற்றைப் பயன்படுத்துவது உத்தி. மென்பொருளைத் திருத்தியோ போலிக் கணக்குகள் வைத்தோ விதியை மீறுவது கள்ளாட்டம்; அதற்கு நிறுவனம் தரும் தண்டனை பெரும்பாலும் கணக்கு முடக்கம். ஆட்டத்தின் பெயரைச் சொல்லி ஒருவரின் பணத்தையோ கடவுச்சொல்லையோ பறிப்பது மோசடி. அது குற்றவியல் சட்டத்துக்கு உட்பட்டது.

மரபு ஆட்டங்கள்

தமிழ்நாட்டின் மரபு ஆட்டங்களில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருந்தது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 புள்ளிகள் கொண்ட கட்டத்தில் மோதுகின்றன. காய்கள் எல்லாம் கண்முன்னே இருப்பதால் ஒளித்து ஆட இடமில்லை. வெற்றி முழுவதும் உத்தியைச் சார்ந்தது. தாயத்தில் விழும் எண் தற்செயல், எந்தக் காயை நகர்த்துவது என்பது உத்தி. பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு முத்து போடவேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டால் எதிரில் இருப்பவர் கையைப் பிடித்துவிடுவார். அழுகுணி ஆட்டம் ஆடுபவரை அடுத்த முறை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. ஆடுவோர் ஒருவரையொருவர் அறிந்திருந்ததும், ஆட்டத்தை நடத்தி லாபம் பார்க்கும் மூன்றாம் ஆள் இல்லாததும் இந்த ஆட்டங்களுக்குக் காவலாக இருந்தன.

பணயம் வைத்து ஆடும் ஆட்டம் வேறாகவே பார்க்கப்பட்டது. திருக்குறள் பொருட்பாலில் 94ஆம் அதிகாரம் சூதைப் பற்றியது. அதன் முதற்குறள், சூதில் கிடைக்கும் வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டிலுக்கு ஒப்பிடுகிறது. தோல்வியைவிட முதல் வெற்றியே ஆபத்தானது என்னும் இந்தக் கருத்து, பிற்கால விளையாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. பாரதக் கதையின் சூதாட்டக் காட்சி இன்னொரு பாடத்தைத் தருகிறது. தருமன் ஆடியது தவறு என்பதும், சகுனியின் ஆட்டம் வஞ்சகமானது என்பதும் இருவேறு குற்றச்சாட்டுகளாகவே மக்கள் மனத்தில் நின்றன.

1930ஆம் ஆண்டுச் சட்டமும் திறன் கேள்வியும்

சென்னை மாகாணத்தில் 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டு மாநகரக் காவல் சட்டம் பொருந்தியது. சூதாட்ட விடுதி நடத்துவதைத் தண்டித்த 1930ஆம் ஆண்டுச் சட்டம், திறனை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு 11ஆம் பிரிவில் விலக்கு அளித்தது. அடுத்த பல பத்தாண்டுகளின் வழக்குகள் எல்லாம் இந்த விலக்கைச் சுற்றியே நடந்தன.

1967இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறனைச் சார்ந்த ஆட்டம் என்று கூறியது. எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைப்பதும், எதை வைத்து எதைக் கழிப்பது என்று முடிவெடுப்பதும் திறன் என்பது அதன் விளக்கம். மூன்று சீட்டு போன்ற ஆட்டங்களை அது வேறாக வைத்தது. தமிழ்நாடு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. அது தொடர்பான கே. ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயமும் திறன் சார்ந்ததே என்று தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்புகள் எல்லாம் பணம் கட்டி, பணம் வெல்லும் ஆட்டங்களைப் பற்றியவை. பணம் உள்ளே போகும், ஆனால் ஒருபோதும் திரும்பி வராது என்ற வகை ஆட்டம் அப்போது நீதிமன்றங்களின் முன் வரவில்லை.

இலவச விளையாட்டின் தோற்றம்

விளையாட்டை இலவசமாகத் தந்து உள்ளே பொருள் விற்கும் முறை 1990களின் இறுதியில் தென்கொரியாவில் உருவானது. நெக்சன் நிறுவனம் 1999இல் வெளியிட்ட வினாடி வினா விளையாட்டு இதன் முன்னோடிகளுள் ஒன்று. இம்முறையை உலகெங்கும் கொண்டுசென்றது பேஸ்புக். 2007இல் தொடங்கப்பட்ட சிங்கா நிறுவனம் 2009 ஜூனில் ஃபார்ம்வில் என்னும் பண்ணை விளையாட்டை வெளியிட்டது. 2010இல் மாதந்தோறும் அதை ஆடியோர் 8 கோடிக்கும் மேல். அந்த ஆண்டே சிங்கா பெங்களூரில் அலுவலகம் திறந்தது.

ஃபார்ம்வில்லில் உத்தி என்பது நேரக் கணக்கு. ஸ்ட்ராபெர்ரி 4 மணி நேரத்தில் விளையும். கோதுமைக்கு 3 நாள் ஆகும். உரிய நேரத்தில் அறுவடை செய்யாவிட்டால் பயிர் வாடிவிடும். ஆகவே தன் வேலை நேரத்துக்கு ஏற்ற பயிரைத் தேர்ந்தவரே நல்ல உழவர். அண்டை வீட்டாராக அதிக நண்பர்கள் இருந்தால் பண்ணை வேகமாக வளரும் என்பதால், சிலர் போலிப் பெயர்களில் பல பேஸ்புக் கணக்குகளைத் தொடங்கித் தமக்குத் தாமே அண்டை வீட்டாராயினர். இது கள்ளாட்டம். ஆனால் இதனால் எவர் பணமும் போகவில்லை. பணம் போனது வேறு வழியில்.

2009: பரிசு விளம்பரங்களின் வலை

காசு கொடுக்க விரும்பாத ஆட்டக்காரருக்கு வேறொரு வழி காட்டப்பட்டது: ஒரு விளம்பரத்தை நிறைவு செய்தால் நாணயம் கிடைக்கும். அறிவுத்திறன் தேர்வு என்ற பெயரில் சில கேள்விகள் வரும். முடிவைப் பெறக் கைப்பேசி எண்ணைத் தரச் சொல்வார்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் பதிந்ததும், மாதக் கட்டணச் சந்தா ஒன்று தொடங்கிவிடும். அதை அறியாமலே பலர் பணம் கட்டிவந்தனர்.

2009 அக்டோபர் 31 அன்று டெக்கிரஞ்ச் இதழில் மைக்கேல் ஆரிங்டன் இதை "மோசடி ஊர்" என்னும் பொருள்படும் தலைப்பில் அம்பலப்படுத்தினார். விளம்பரதாரர், இடைத்தரகு நிறுவனம், விளையாட்டு நிறுவனம், சமூகத் தளம் என நான்கு தரப்பும் இதில் வருவாய் பெற்றதை அவர் காட்டினார். சில நாள்களில், தொடக்க காலத்தில் வருவாய்க்காக எல்லா வழிகளையும் கையாண்டதாகச் சிங்காவின் நிறுவனர் மார்க் பிங்கஸ் முன்னர் பேசிய காணொளியும் வெளிவந்தது. சிங்கா அந்த விளம்பரங்களை நீக்கியது. ஆஃபர்பால் என்னும் இடைத்தரகு நிறுவனத்தின் தலைமை மாறியது. அமெரிக்காவில் வழக்கும் தொடுக்கப்பட்டது.

மோசடி வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதை இந்த நிகழ்வு முதன்முதலில் பரவலாக உணர்த்தியது. விளையாட்டு நிறுவனம் தானே திறந்துவைத்த வாசல் வழியாகவும் அது வரக்கூடும்.

40,000 கோடி சில்லுகள்

அடுத்த நிகழ்வு இதன் மறுபக்கம். சிங்காவின் போக்கர் விளையாட்டில் சில்லுகள் இலவசமாகவும் காசுக்கும் கிடைத்தன. ஆனால் வென்ற சில்லைப் பணமாக மாற்ற முடியாது. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஒருவர், ஊழியர்களின் கணக்குகளுக்குள் ஊடுருவி 40,000 கோடி சில்லுகளைத் தன் கணக்குக்கு மாற்றி, ஒரு பகுதியை இணையத்தில் விற்றார். 2011இல் அவருக்கு 2 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 1.2 கோடி டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

நிறுவனம் நினைத்தால் கணநேரத்தில் உருவாக்கிக்கொள்ளக்கூடிய சில்லுக்கு மதிப்பு உண்டா என்பது சிக்கலான கேள்வி. திருடியவரைத் தண்டிக்கையில் சில்லுக்கு மதிப்பு உண்டு என்றனர். சூதாட்டம் என்ற குற்றச்சாட்டு எழுகையில், பணமாக மாற்ற முடியாததால் சில்லுக்கு மதிப்பில்லை என்று இத்தகைய நிறுவனங்கள் வாதிட்டன. 2018இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, பிக் ஃபிஷ் கேசினோ என்னும் விளையாட்டின் மெய்நிகர்ச் சில்லுகள் வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி மதிப்புள்ள பொருளே என்று கூறியது. ஆட்டத்தைத் தொடர்ந்து ஆட அவை தேவைப்படுகின்றன என்பதே அதற்குக் காரணம். 2020இல் அவ்வழக்கு 15.5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிந்தது.

கைப்பேசிக் காலம்

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கி, இணையத் தரவின் விலை சரிந்தது. அதுவரை இணைய மையத்துக்குப் போய் ஆடிய இளைஞர், வீட்டுத் திண்ணையிலேயே ஆடத் தொடங்கினர். 2018இல் வந்த பப்ஜி மொபைலும், ஃப்ரீ ஃபயரும் சிற்றூர்களிலும் பரவின. 2020 பொது முடக்கத்தின்போது லூடோ கிங் வீட்டுக்கு வீடு ஆடப்பட்டது. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரிலும், ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியிலும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. தடைக்குக் காரணம் நாட்டின் பாதுகாப்பும் தரவுப் பாதுகாப்பும். ஆட்டக்காரரின் பண இழப்பு அன்று.

இந்த விளையாட்டுகளில் கள்ளாட்டத்தின் தொழில்நுட்பம் மாறியது. சில எளிய விளையாட்டுகளில் கைப்பேசியின் கடிகாரத்தை முன்னே தள்ளிவைத்தால் இழந்த உயிர்கள் உடனே திரும்பக் கிடைக்கும்; அந்தக் கணக்கு கைப்பேசியிலேயே இருப்பதுதான் காரணம். துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் சுவருக்கு அப்பால் இருப்பவரைக் காட்டும் மென்பொருளும், தானே குறிபார்க்கும் மென்பொருளும் விற்கப்பட்டன. பப்ஜி மொபைல், பிடிபட்டவர்களின் கணக்குகளை 10 ஆண்டுகளுக்கு முடக்கியது.

நாணயம், வைரம் போன்றவற்றின் கணக்கோ நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. வெளியிலுள்ள எந்தத் தளமும் அதைக் கூட்ட முடியாது. "பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள், 10,000 வைரம் வரும்" என்னும் தளம் எதுவும் உண்மையாக இருக்க இயலாது என்பதற்கு இந்த ஓர் உண்மையே போதும். ஆயினும் மோசடிகளில் மிகப் பரவலானது இதுதான். போலி நுழைவுப் பக்கம், கணக்கை விற்பதாகச் சொல்லிப் பணம் வாங்கி மறைதல், திருத்தப்பட்ட செயலி வழியாக உளவு மென்பொருளை ஏற்றுதல், பணம் அனுப்புவதாகச் சொல்லி யுபிஐயில் பணம் கேட்கும் வேண்டுகோளை அனுப்புதல் ஆகியவை மற்ற வகைகள். ஏமாந்தவர் சிறுவராயின், பெற்றோரின் வங்கிக் கணக்கைப் பயன்படுத்திய அச்சத்தில் வெளியே சொல்வதில்லை. மோசடிக்காரருக்கு அந்த மௌனமே பெரிய துணை.

நிறுவனத்தின் தூண்டில்

மோசடி என்று சட்டம் சொல்லாத, ஆனால் நேர்மையான ஆட்டம் என்றும் சொல்ல முடியாத சில வழக்கங்கள் உண்டு. புதிதாகச் சேர்பவரைக் கணினியே இயக்கும் போலி எதிரிகளோடு மோதவிட்டு எளிதில் வெல்லச் செய்வது ஒன்று. குறள் கூறும் தூண்டிலை இதில் காணலாம். பணம் செலவாவது தெரியாதபடி ரூபாயை வைரமாகவும், வைரத்தைப் பெட்டியாகவும் மாற்றுவது இன்னொன்று. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது திறந்த பின்பே தெரியும். 2017இல் சீனா, இத்தகைய பெட்டிகளில் எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிடக் கட்டாயப்படுத்தியது. 2018இல் பெல்ஜியம், காசுக்கு விற்கும் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்தது. 2022இல் ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் நிறுவனம், குழப்பும் பொத்தான்களால் விரும்பாத பொருள்களை வாங்கவைத்தது என்ற குற்றச்சாட்டில் ஆட்டக்காரருக்கு 24.5 கோடி டாலர் திருப்பித்தர அமெரிக்க வணிக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் நுகர்வோரை ஏய்க்கும் 13 வகை வடிவமைப்புகளைப் பட்டியலிட்டுத் தடுத்தது. "இன்னும் 5 நிமிடமே" என்று பொய்யாக அவசரப்படுத்துவது அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டுச் சட்டங்கள், 2020–2025

இணைய ரம்மியில் பணம் இழந்தோரின் தற்கொலைகள் தமிழ்நாட்டில் சட்டத்தை நகர்த்தின. 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021இல் அதற்கு மாற்றாகத் திருத்தச் சட்டமும் வந்தன. பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, திறன் ஆட்டங்கள் உட்பட, அவை தடுத்தன. 2021 ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாது என்றது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் அறிக்கைக்குப் பின் உருவான மசோதாவைச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று ஆளுநர் ஒப்புதல் அளித்தார். 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்ததை ஏற்கவில்லை.

இச்சட்டப்படி அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில், பணம் வைத்து ஆடும் தளங்களுக்கு ஆதார் சரிபார்ப்பையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத் தடையையும் விதித்தது. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் இவ்விதிகளை உறுதிசெய்தது.

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசின் இணைய விளையாட்டுச் சட்டம் பழைய கேள்வியையே மாற்றியது. அது விளையாட்டுகளை மின்விளையாட்டு, இணையச் சமூக விளையாட்டு, இணையப் பண விளையாட்டு என மூன்றாகப் பிரித்தது. ஆட்டம் திறனைச் சார்ந்ததா, அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்பது இனிப் பொருட்டன்று. பண ஆதாயத்தை எதிர்பார்த்துப் பணயம் வைக்கப்படுகிறதா என்பதே அளவுகோல். பண விளையாட்டை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுவோருக்குத் தண்டனை இல்லை. சமூக விளையாட்டுகள் சந்தா வசூலிக்கலாம், ஆனால் அது பணயமாக இருக்கக்கூடாது. பண ஆதாயத்தை எதிர்பாராமல் வைரமும் உடையும் வாங்கிக்கொண்டே இருப்பவரின் இழப்பை இந்த அளவுகோல் நேரடியாகத் தொடவில்லை.

எஞ்சியுள்ள நிலை

இலவச விளையாட்டின் பெயரால் நிகழும் பண மோசடி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளிலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவிலும் அடங்கும். முதலிரண்டும் அடையாளத் திருட்டையும் கணினி வழி ஆள்மாறாட்டத்தையும் பற்றியவை. மூன்றாவது ஏமாற்றுக் குற்றத்தைப் பற்றியது. பணம் போனவுடன் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுமுன் முடக்கினால்தான் மீட்க முடியும் என்பதால் நேரம் முக்கியமானது. பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயலே.

ஆட்டக்காரர் ஒரு வாய்ப்பைக் காணும்போது தன்னைக் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் மூன்று. இது ஆட்டத்துக்குள்ளேயே, எல்லோருக்கும் கிடைப்பதா? ஆம் எனில் உத்தி. விதி தடுத்ததை மறைவாகச் செய்யச் சொல்கிறதா? ஆம் எனில் கள்ளாட்டம். ஆட்டத்துக்கு வெளியே வரச்சொல்லிக் கடவுச்சொல்லோ, ஒருமுறைக் கடவெண்ணோ, பணமோ கேட்கிறதா? ஆம் எனில் மோசடி. நான்காவது கேள்வி நிறுவனத்தைப் பற்றியது: இதுவரை எத்தனை ரூபாய் செலவாயிற்று என்பதை வைரத்தில் அல்லாமல் ரூபாயில் அது காட்டுகிறதா?

சந்தையில் எடைக்கல்லைச் சோதிக்க முத்திரை ஆய்வாளர் உண்டு. தராசு வாங்குபவரின் கண்முன்னே இருக்கிறது. இலவச விளையாட்டின் தராசு நிறுவனத்தின் வழங்கிக்குள் இருக்கிறது. சோளக்காட்டில் ஆடும் மாணவருக்கும் சென்னையில் ஆடுபவருக்கும் அது ஒருபோலக் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டத்தின் தன்மையை ஆராய்ந்துவந்த சட்டம் இப்போது பணத்தின் போக்கை ஆராயத் தொடங்கியுள்ளது. இலவசம் என்ற பெயரில் நடக்கும் விற்பனையைச் சோதிப்பது அதன் அடுத்த பணியாக நிற்கிறது.